விட்டுவைத்த அரைப் பக்கம்

சென்னை
21.8.2022

அன்புள்ள பெர்சி அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? கடிதத்தின் மேலே சிலுவை போடவில்லையே என்று கேட்டால், போட்டிருந்தான், மை பரவிவிட்டது என்று சொல்லிவிடு.

போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. போன வாரமும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள். தாளில் சண்டை போட்டால் பதில் வர நாளாகும். அதற்குள் ஆறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாய். அடுத்த இருபது வருடத்துக்கு மதுரைக்கு எங்கே வீடு கட்டுவது என்று ஒரு திட்டம். எங்கள் நிறுவனம் தயாரிக்கிறது. சென்னையில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து மதுரைக்கு மஞ்சள் பூசுகிறேன். மஞ்சள் என்றால் குடியிருப்பு. நகரத்துக்குள் இடம் இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருக்கிறது. கோப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நேற்று நெடுமடை திரையில் வந்தது. நம் ஊர் கட்டைவிரல் நகம் அளவு. கண்மாய்க்கு மேற்கே முப்பத்துநாலு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. "காலி நிலம்" என்று போட்டிருந்தது. நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட இடம். விழுந்து முட்டி பெயர்ந்த இடம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மஞ்சள் பூசினேன்.

ஏன் பூசினேன் என்று சொல்ல வேண்டும். ஜூலையில் மதுரைக்குக் கணக்கெடுக்க வந்தேன். வாய்க்கால் கரையில் அழகம்மாள் என்று ஒருத்தி. பூக்கட்டுகிறவள். கட்டில் கால்களுக்குக் கீழே நான்கு நான்கு செங்கல். சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. போன மழைக்குத் தண்ணீர் ஏறிய உயரமா என்று கேட்டேன். "தண்ணின்னு சொல்லாதீங்க தம்பி. அது பீ" என்றாள். டீ கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்து கீழே கொட்டினேன். அவள் பார்த்துவிட்டாள்.

அந்தக் கரையில் ஆயிரத்து இருநூற்று நாற்பது குடும்பம். அவர்களுக்குத்தான் அந்த மஞ்சள். உங்கள் கிராம சபை "ஆட்சேபணை இல்லை" என்று ஒரு தீர்மானம் போட வேண்டும். ஊராட்சிச் செயலர் நீதானே.

அம்மாவுக்கு முத்தம்.

ஆல்பின்


நெடுமடை
6.9.2022

அன்புத் தம்பி ஆல்பினுக்கு,

இறைவன் புண்ணியத்தில் இங்கே மூச்சு ஓடுகிறது. அம்மாவின் இடது கால் வடிந்துவிட்டது. வலது கால் வடியவில்லை. மை பரவிய கதையை அவள் நம்பவில்லை.

நீ காலி என்கிற இடத்தில் நாற்பது வீட்டு ஆடு மேய்கிறது. அதுகூடப் பெரிதில்லை. மேற்கே பெய்கிற மழை அந்தச் சரிவில் இறங்கித்தான் கண்மாய்க்கு வருகிறது. கண்மாய்க்குள் கிணறு இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நெடுமடையில் அறுநூற்று நாற்பது வீடும் குடிக்கிறது. உன் அம்மாவும் குடிக்கிறாள். எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. உன் திரையில் கிணறு தெரிகிறதா?

இந்த ஊராட்சியில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுகிறேன். தூய்மைப் பணிக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முதுகு நிமிராது. ஒரு டிராக்டர், பேட்டரி இல்லாமல். ஒரு மேல்நிலைத் தொட்டி. ஒரு தலைவர், மொக்கையன். ஒரு செயலர், நான். ஊரின் ஜனத்தொகை இரண்டாயிரத்து அறுநூறு. நீ ஐயாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்குகிறேன் என்கிறாய். அவர்களுக்குத் தண்ணீர் யார் கொடுப்பது? குப்பையை யார் அள்ளுவது? கேட்டுச் சொல்.

மதுரை ஏற்கெனவே எங்களுக்குச் சீர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. செப்டிக் டேங்க் லாரி. விடியும் முன்னால் வந்து கண்மாய்க் கரையில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறான். போன வாரம் நான் ரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் சின்னப் பையன். "பின்ன எங்கக்கா கொட்டச் சொல்றீங்க, மதுரைக்குள்ளயா?" என்றான். கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். சேலையைத் துவைத்தும் நாற்றம் போகவில்லை.

அழகம்மாளுக்கு வீடு வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அவள் கொடுத்த டீயை நீ குடித்திருக்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

பெர்சி


சென்னை
9.10.2022

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி மட்டும். இங்கே நான்கு நாளாக மழை. ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் மழை சுத்தமாக இருக்கிறது.

தண்ணீர், குப்பை இரண்டையும் கேட்டேன். "அதெல்லாம் அடுத்த கட்டம்" என்றார் மேனேஜர். பிறகு நெடுமடை எனக்குச் சொந்த ஊர் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, தோளில் கை போட்டார். வருட முடிவுக்குள் தீர்மானம் வந்தால் ஜனவரியில் என்னை நிரந்தரமாக்குவார்களாம். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. அவர் கையில் செண்ட் வாசனை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் தோளில் இருந்தது.

அதற்காகத்தான் கேட்கிறேன் என்று நீ நினைப்பாய். பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி அந்தச் சுவரில் இருந்த கறுப்புக் கோடு. இரண்டையும் பிரித்துக் காட்டு என்றால் என்னால் முடியவில்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி கிராம சபை இருக்கிறதல்லவா? கூட்டத்தின் பேசுபொருள் பட்டியலில் இதையும் சேர். மாதிரித் தீர்மானம் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் எல்லா ஊராட்சிக்கும் அனுப்புவது. "குடியிருப்பும் அதைச் சார்ந்த வசதிகளும் அமைக்க ஆட்சேபணை இல்லை." வசதிகள் என்றால் பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி. நெடுமடைக்கு இவை தானாக வருமா, நீயே சொல்.

அம்மாவைக் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம் என்று சொல்.

ஆல்பின்


நெடுமடை
4.11.2022

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். சளிக்கு மிளகு வறுத்துப் பொடித்துப் போட்டுக்கொள். மருந்துக்கடைக்கு ஓடாதே.

பொருளில் சேர்த்தேன். பேசினார்கள். பேசியதை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீயும் துப்பு.

"வாய்க்கா கரைச் சனம் வந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்?"

"பொம்பளப் பிள்ளைக பஸ் ஏற முடியுமா?"

"நம்ம கெணத்துல அவுக வாளிய விடுவாக. நம்ம குடிக்கணும்."

சொன்னவர்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவர்கள். ஒருத்தி அம்மாவின் காலுக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பவள். நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் என்று தெரிந்தும், அந்தக் கிணற்றில் இதே வார்த்தையை நம்மிடம் சொன்னார்கள். நீ அப்போது பிறக்கவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சோணை அண்ணன் மட்டும் எழுந்தார். பத்து ஆடும் ஒரு ஏக்கரும் உள்ளவர். "யாரு வேணா வரட்டும். வீடு கட்டட்டும். அம்புட்டுப் பேரும் பேண்டா எங்க போகும்? அதச் சொல்லச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மொக்கையன் தலைவர் துண்டை உதறினார். "அத அடுத்த கூட்டத்துல பாப்போம்." முடிந்தது. தீர்மானம் இல்லை. உன் மேனேஜரிடம் சொல்லிவிடு.

மற்றபடி எப்போதும்போலத்தான். வருகிறவர்கள் வந்ததும் கையெழுத்துப் போடுவார்கள். வடையும் டீயும் ஆனதும் கிளம்புவார்கள். நான் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதுவேன். இந்தத் தடவை பத்துத் தீர்மானம், நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே வழக்கம்போல அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். தலைவருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெருவிளக்கு ஞாபகம் வரும். அதை அங்கே சேர்ப்பேன். நீ கல்லூரி லீவில் எனக்காக எழுதிய பக்கங்கள் இதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. எது உன் எழுத்து, எது என் எழுத்து என்று ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கே தெரியாது. அப்பா இரண்டு பேரையும் ஒரே ஸ்கேலால் அடித்தார்.

அலுவலகக் கூரை ஒழுகுகிறது. புத்தகத்தைக் கொண்டுவந்து வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. அம்மா இப்போதே கேட்கிறாள்.

பெர்சி


சென்னை
20.11.2022

அக்கா,

நலம்.

படித்தேன். துப்பினேன்.

வாளியைப் பற்றிப் பேசியவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை, அதை மறுக்கும் உரிமை, நாளை பார்ப்போம் என்னும் உரிமை. அழகம்மாளுக்கு நான்கு செங்கல். இதற்குப் பெயர் கிராம சபை. என் பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. அடிக்கோடு போட்டுப் படித்தேன்.

சோணை அண்ணன் கேட்டதை மறக்கவில்லை. அவருக்கும் பதில் வாங்கலாம்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி காலையில் வாரேன். அம்மாவிடம் சொல்.

ஆல்பின்


நெடுமடை
29.1.2023

அன்புத் தம்பி ஆல்பினுக்கு,

நலம். நலமறிய விருப்பம்.

நீ போன பிறகு அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது எழுந்து நடமாடுகிறாள். கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் இருவரும் பூசைக்குப் போயிருந்தபோது, தலைவலி என்று நீ வீட்டிலேயே படுத்திருந்தாயே, அது சரியாகிவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

குடியரசு தினக் கூட்டம் முடிந்தது. கூரைக்குத் தகரம் போட்டாகிவிட்டது. புத்தகத்தை அலுவலகத்துக்கே கொண்டுபோய்விட்டேன்.

நீல நிறச் சட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். துவைத்து வைத்திருக்கிறேன். உன் பேனாவும் இங்கே இருக்கிறது. பீரோவுக்குள் இருந்தது.

வேலை நிரந்தரமாகிவிட்டதா?

இந்த வருடம் கண்மாயில் முக்கால் தண்ணீர்.

பெர்சி


சென்னை
12.3.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். உடம்பு பரவாயில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே?

நிரந்தரமாகிவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மேனேஜர் தன் கையாலேயே ஊட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பாத்ரூமில் போய்த் துப்பிவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு துண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரலில் திட்டம் வெளியாகும். வீடுகள் வரும் என்று நம்புகிறேன். வந்த பிறகு எல்லோருக்கும் பழகிவிடும்.

சட்டையை நீயே வைத்துக்கொள். யாருக்காவது கொடுத்துவிடு.

ஆல்பின்


நெடுமடை
9.4.2023

ஆல்பினுக்கு,

இன்று உயிர்ப்புத் திருநாள். நான் பூசைக்குப் போகவில்லை. அம்மா தனியாகப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீடுகள் நெடுமடைக்கு இல்லை. பக்கத்து ஊராட்சி வடக்குமேட்டுக்குப் போய்விட்டன. அவர்களுக்கு ரோட்டோரம் நிலம் இருக்கிறது, சத்தம் போட ஆளும் இருக்கிறது. வடக்குமேடு நகரத்தோடு சேரப் போகிறதாம். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருமாம். நான்கு வழி ரோடு. மூன்று மாடி வரிசை வரிசையாக. படம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெண் நாயோடு நடக்கிறாள்.

நெடுமடைக்கு வருவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வடக்குமேட்டு வீடுகளின் கழிவு முழுக்க இங்கே. செப்டிக் டேங்க் லாரிகள் வந்து இறக்கும் இடமும் இங்கேதான். இனி விடியும் முன்னால் ஒளிந்து வர வேண்டியதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு பகலிலேயே வரலாம். இடம், மேய்ச்சல் புறம்போக்கு. மிச்சத் தண்ணீர் கண்மாயில் விடப்படும். அந்தக் கண்மாய்க்குள் கிணறு இருக்கிறது என்பதை உனக்கு இரண்டாம் முறையாக எழுதுகிறேன்.

நெடுமடை கிராம சபை ஆட்சேபிக்கவில்லையாம். தீர்மானம் எண் பதினொன்று, நாள் 1.11.2022. "குடியிருப்பும் அதைச் சார்ந்த வசதிகளும்." நகல் இணைத்திருக்கிறார்கள். பத்துத் தீர்மானம்தான் நான் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். பதினொன்றாவது, நான் விட்ட அரைப் பக்கத்தில் இருக்கிறது. கீழே நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. அதில் சோணை அண்ணன் கைரேகையும் இருக்கிறது.

மொக்கையன் தலைவர் என் மேஜைக்கு வந்து நின்றார். "நீ எழுதாம யாரு எழுதுனா கிளார்க்கம்மா? எழுத்து ஒன் எழுத்துல்ல?" என்றார். ஆமாம், என் எழுத்து. நான் எழுதாதது என் எழுத்தில் இருந்தால் எழுதியவன் நீ. பூசைக்குப் போன ஒன்றரை மணி நேரத்தில். அம்மா உனக்குத் தலைவலி என்று தைலம் எடுத்துவைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. தீர்மானம் பொய் என்றால் அதை எழுதியது யார் என்று நான் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் நீ ஜெயிலுக்குப் போவாய். சொல்லாவிட்டால் ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். இடையில் எனக்கு எங்கே இடம் விட்டிருக்கிறாய்?

வீடு வரும் என்று அழகம்மாளிடம் சொல்லியிருப்பாயே, அவளுக்காவது வருமா?

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம். நிறுத்துகிறேன்.

பெர்சி


சென்னை
18.4.2023

அக்காவுக்கு,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் நான்கு தாளைக் கிழித்தேன்.

அழகம்மாளுக்கு வரவில்லை. வடக்குமேட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு விற்பனைக்கு. வாய்க்கால் கரையை மார்ச் மாதமே இடித்துவிட்டார்கள். ஆட்களை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, எழுமலைக்கும் அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். அவள் பூ விற்கிற தெரு மதுரையில் இருக்கிறது. எனக்குப் போன் செய்தாள். "தம்பி, நீங்க சொன்னீங்கள்ல, பக்கத்துலதான்னு" என்றாள். திட்டவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

வரைபடம் எப்போது மாறியது என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் வந்து திரையைத் திறந்தேன். நெடுமடையில் மஞ்சள் இல்லை. பழுப்பு. அடியில் சின்ன எழுத்தில் "சார்ந்த வசதி". என் கையால் உன் புத்தகத்தில் எழுதி, போனில் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பிய வார்த்தை.

இதையும் சொல்கிறேன், கோபப்படு. புத்தகம் பீரோவில் இருக்கிறது என்று எழுதியது நீ. அரைப் பக்கம் விட்டிருக்கிறேன் என்று எழுதியது நீ. கிறிஸ்துமஸுக்கு வா என்றது நீ. ஜனவரியில் பேனாவைப் பற்றி எழுதினாய். பீரோவுக்குள் இருந்தது என்று. படித்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தினமும் இன்னொரு கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். கலெக்டருக்கு. நடந்ததை எழுதி ஒட்டியிருக்கிறேன். அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றினால் நீயே தபாலில் சேர்த்துவிடு.

அம்மாவிடம் என்ன சொன்னாய்?

ஆல்பின்


நெடுமடை
7.5.2023

ஆல்பினுக்கு,

அம்மா நலம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடி. நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் வந்தார்கள். மேலேயிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்திருந்தார். கையெழுத்துப் புத்தகத்தை நான் நீட்டவில்லை. "என்ன கிளார்க்கம்மா, பேனா இல்லையா?" என்று கேட்டார்கள். இன்றைக்கு எழுதி, வாசித்து, அதற்குக் கீழேதான் கையெழுத்து என்றேன். பதிமூன்று வருடத்தில் முதல் தடவை.

பதினொன்றாம் தீர்மானத்தை உரக்கப் படித்தேன். இது கூட்டத்தில் வந்ததில்லை, என் தம்பி என் வீட்டில் வைத்து எழுதியது என்றேன். உன் பெயரைச் சொன்னேன். வானம் இடியும் என்று நினைத்தேன்.

மொக்கையன் சொன்னார்: "அக்கா தம்பி சண்டைய வீட்ல வச்சுக்கத்தா."

பின்னாலிருந்து ஒருவர்: "பிளான்ட்டுல வாட்ச்மேன் வேல எம்புட்டுப் பேருக்குன்னு அதக் கேளுங்கப்பா."

"எட்டுப் பேருக்காம்ல."

"நம்ம தெருவுக்கு எத்தன?"

அதன் பிறகு அதைப் பற்றித்தான் பேச்சு. வாளியைப் பற்றிப் பேசிய அதே வாய்கள். ஒரு மனிதர் தொட்ட தண்ணீர் ஆகாது. ஐயாயிரம் பேர் பேண்ட தண்ணீர் வேலை கொடுத்தால் ஆகும். மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சோணை அண்ணன் எழுந்தார். "அன்னைக்கு நான் கேட்டேன், எங்க போகும்னு. பதில் வந்துருச்சு" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீ இத எப்பத்தா பாத்த?" என்றார்.

உன்னைப்போல எனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. ஜனவரி.

குடியரசு தினக் கூட்டத்துக்குப் புத்தகத்தைத் திறந்தபோது பார்த்தேன். உன் வேலையை நினைத்தேன். அழகம்மாளை நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நினைக்கவில்லை. வீடுகள் வந்தால் ஊராட்சி பெரிதாகும், கூரை ஒழுகாத அலுவலகம் கட்டுவார்கள், அதில் எனக்கு ஒரு அறை இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். உனக்குச் சட்டையைப் பற்றி எழுதினேன். கூரை ஒழுகியதும் நிஜம். ஏன் அதை உனக்கு எழுதினேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒழுகியது, எழுதினேன். இதற்கு மேல் உள்ளே போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"சனவரில பாத்தேண்ணே" என்றேன்.

"இது மே மாசம்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

ரத்துத் தீர்மானத்தை எல்லோர் முன்னாலும் எழுதினேன். இரண்டு முறை வாசித்தேன். மீதி இடத்தின் குறுக்கே கோடு போட்டேன். பிறகு கையெழுத்துக்குக் கூப்பிட்டேன். நிமிர்ந்தால் பாதிப் பேர் இல்லை. வடை தீர்ந்திருந்தது. வெயில் ஏறியிருந்தது. வந்தால் கையெழுத்து, டீ குடித்தால் வீடு என்று நான்தானே பழக்கினேன். கலைந்து போகிறவர்கள் பின்னால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். "அதான் வந்துட்டம்ல" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள்.

அறுபத்தொன்று. நூறு வேண்டும். அதிகாரி நல்ல மனிதர். "கோரம் இல்லம்மா. செல்லாது" என்றார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்.

ஆக, பொய்க்கு நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அது செல்லும்.

மெமோவுக்குப் பதில் எழுதிவிட்டேன். உன் பெயரையும் ஜனவரியையும் எழுதினேன். இரண்டு எழுத்தும் ஒன்றாக இருப்பதால், நான்தான் எழுதிவிட்டுத் தம்பி மேல் போடுகிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நீ சொன்னால்தான் நம்புவார்கள்.

உன் உறையை ஒட்டியபடியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் தபால்காரி இல்லை. உங்கள் தெருவிலும் தபால் பெட்டி இருக்கும்.

பெர்சி


சென்னை
2.6.2023

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உறையைப் பிரித்து, நான் எழுதியதை நானே படித்தேன். மூன்று பக்கம். இரண்டரைப் பக்கத்துக்கு அழகம்மாள், செங்கல், கறுப்புக் கோடு, உன் ஊர்க்காரர்களின் வாய். அந்த டீயைக்கூட விடவில்லை. நான் செய்தது கடைசியில் ஒரே வரி, அதுவும் "எழுதப்பட்டது" என்று. யாரோ எழுதியதுபோல. அவள் வீட்டுச் சுவரை என் வக்கீலாக நிறுத்தியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

மறுபடி எழுதினேன். நெடுமடை கிராம சபையின் 1.11.2022 தீர்மானப் புத்தகத்தில் பதினொன்றாம் தீர்மானத்தை 25.12.2022 அன்று காலை நான் எழுதினேன். கூட்டத்தில் அப்படி ஒரு தீர்மானம் வரவில்லை. தலைவருக்கும் செயலருக்கும் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் எழுதும்போது தெரியாது. என் கையெழுத்து மாதிரி வேண்டுமானால் இந்தத் தாளே மாதிரி. அந்தக் கண்மாய்க்குள் குடிநீர்க் கிணறு இருக்கிறது. எனக்கு அது தெரியும்.

மேனேஜரிடம் ஒரு நகல் கொடுத்தேன். படித்துவிட்டு, "உனக்கு என்ன வயசு?" என்று கேட்டார். இந்தத் தடவை தோளில் கை போடவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

கலெக்டருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கு ஒரு நகல் இத்துடன். இதனால் லாரி நிற்குமா என்று தெரியவில்லை. நிற்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரு கோப்பில் இதைச் செருகி, மேலே ஒரு எண் போடுவார்கள்.

திங்கட்கிழமை வாரேன். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னால் போறேன். அதற்கு முன்னால் அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். நீ சொல்லிவிடாதே. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துவை.

வாக்குமூலம் ஆறு வரிதான். தாளில் முக்கால்வாசி மீந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை குறுக்கே கோடு போட்டு, கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டேன்.

ஆல்பின்